நாற்பத்து மூன்று சிவப்பு வளையங்கள்

எனக்குக் கோக்கோ டீயில் சர்க்கரை வேண்டாம், கார்ப்பரல். ஜாதிக்காய் மட்டும் இரண்டு சீவல் கூடப் போடச் சொல்லுங்கள். பேருந்து நிலையத்தடிக் கடைக்காரிக்கு அதில் மட்டும் கை இழுத்துக்கொள்ளும். இந்த வருஷம் அவளைக் குறை சொல்லவும் முடியாது, காய்க்கே பஞ்சம் வந்துவிட்டது.

என் பெயர் வெர்லின் மொடெஸ்ட். வயது ஐம்பத்தேழு. கணவர் எர்ரோல் இறந்து ஒன்பது வருஷமாகிறது. ஒரே மகன் கெஸ்டன், புரூக்ளினில் இருக்கிறான். வேளாண் அலுவலகத்தில் இருபத்தாறு வருஷமாக மரங்களுக்கு நோய் பார்க்கிறேன். நீங்கள் கரியாக்கூத் தீவிலிருந்து இந்தப் போலீஸ் நிலையத்துக்கு மாற்றலாகி வந்து நான்கு மாதம்தான் ஆகிறது, அங்கே ஜாதிக்காய்த் தோப்பு கிடையாது. அதனால் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது புரியாது.

தோட்டக்காரர்கள் எல்லோரும் மரத்தடியில் நின்றுகொண்டு அடிமரத்தைத் தட்டிப் பார்ப்பார்கள். நான் தள்ளி நின்று உச்சியைப் பார்ப்பேன். மரம் நோயை வாங்குவது வேரில். அதைச் சொல்வது உச்சியில். நுனிக் கிளை மொட்டையாகும். அதற்கு அடுத்த கிளையில் இலை மஞ்சளாகும். அப்படியே மேலிருந்து கீழாகக் காய்ந்துகொண்டு வரும். அதை நுனிக்கருகல் என்போம்.

ஆனால் நுனி கருகினால் நோய் என்று உடனே சொல்லிவிட முடியாது, இங்கேதான் புதியவர்கள் ஏமாறுவார்கள். போன புயல் நிழல் மரங்களையெல்லாம் சாய்த்துவிட்டுப் போனது உங்களுக்குத் தெரியும். நிழலிலேயே வளர்ந்த ஜாதிமரம் திடீரென்று வெயிலில் நின்றால் பட்டை வெந்துபோகும், தலை கருகும். பிறகு மழை தவறினால் இன்னும் கருகும். அது வெறும் களைப்பு, கவனித்தால் தேறிவிடும். இன்னொன்று வேரில் பிடிக்கும் பூஞ்சை. அதுவும் களைத்த மரத்தைத்தான் தேடி வரும். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மண்ணைத் தோண்டி, வேர் தொடங்கும் இடத்தில் பட்டையைச் சீவிப் பார்த்தால்தான் தெரியும். பட்டைக்கடியில் வெள்ளையாக, விசிறியை விரித்து வைத்த மாதிரி ஏதாவது இருந்தால் அந்த மரம் முடிந்தது. வெட்டி, வேரோடு பிடுங்கி, அங்கேயே எரித்து, சுற்றிலும் முழங்கால் ஆழத்துக்கு ஓடை வெட்டிச் சுண்ணாம்பு கொட்ட வேண்டும். சும்மா விட்டால் வேரோடு வேர் தொட்டுப் பக்கத்து மரத்துக்குப் போகும். மழைத் தண்ணீர் சருகை அடித்துக்கொண்டு போய்ச் சரிவில் கீழே இருக்கிற தோப்புக்கும் கொடுத்துவிடும். மேலே மட்டும் ஏறாது.

களைப்பு என்றால் மஞ்சள் நாடா கட்டுவேன். நோய் என்றால் சிவப்புச் சாயத்தில் ஒரு வளையம். வளையம் விழுந்த மரத்தை முப்பது நாளில் வெட்டியாக வேண்டும். என்னிடம் அழுதிருக்கிறார்கள், திட்டியிருக்கிறார்கள், ஒருத்தி பாத்திரம் கழுவிய தண்ணீரை என் மேல் கொட்டியிருக்கிறாள். நான் பார்த்தது தப்பு என்று மட்டும் இருபத்தாறு வருஷத்தில் ஒருவரும் சொன்னதில்லை. அதில் எனக்குக் கர்வம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

சமையலறைக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு ஜாதிமரம் இருக்கிறது. அது கெஸ்டனின் மரம். பிள்ளையின் தொப்புள்கொடியை மண்ணில் புதைத்து மேலே ஒரு கன்று நடுவது உங்கள் தீவிலும் உண்டுதானே. உங்களுக்கும் எங்கேயாவது ஒரு தென்னையோ பலாவோ நிற்கும். மரம் வாடினால் ஆளும் வாடுவான், மரத்தை வெட்டினால் ஆளையே வெட்டியதாகும் என்று சொல்வார்கள். நான் படித்தவள். பயிற்சி வகுப்புகளில் இதைச் சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்திருக்கிறேன். கெஸ்டன் பிறந்தபோது நான் காய்ச்சலில் கிடந்தேன். எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகு எர்ரோல் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கன்றைக் காட்டினார். "இந்தா, உன் மகன்," என்றார்.

போன வருஷம் ஜனவரி பதினொன்றாம் தேதி கெஸ்டன் கூப்பிட்டான். பேருந்துப் பட்டறையில் வெல்டிங் வேலை அவனுக்கு. மூன்று வாரமாக நிற்க முடியவில்லை, மயக்கம் என்று ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான்.

"மம்மி, எனக்கு ரத்தம் ஊறவே இல்லையாம்," என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "கெணறு வத்திப்போச்சுன்னு டாக்டர் சொல்றாரு. இப்போதைக்கு வெளியிலேர்ந்து வாங்கி ஊத்துறாங்க. நீ பயப்படாதே."

போனை வைத்துவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தேன். வேண்டுமென்று பார்க்கவில்லை. பழக்கம், கண் தானாக உச்சிக்குப் போகும். கிழக்குப் பக்கக் கிளையில் மூன்று முழ நீளத்துக்கு ஒரு இலைகூட இல்லை.

நான்கு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் வெட்டுக்கத்தியை ப்ளீச்சில் கழுவி எடுத்துக்கொண்டு போய்த் தோண்டினேன். பட்டையைச் சீவ வேண்டிய அவசியம்கூட இல்லை, அதுவே கையோடு உரிந்து வந்தது. உள்ளே வெள்ளை. என்னிடம் ஒரு நாள் பயிற்சி எடுத்தவன்கூடச் சரியாகச் சொல்லியிருப்பான். நான் மண்ணை மூடி, காலால் மிதித்து, மேலே சருகைப் பரப்பினேன். பிறகு மஞ்சள் நாடா கட்டினேன். பதிவேட்டில் 'வறட்சிக் களைப்பு, ஆறு மாதம் கழித்துப் பார்க்கவும்' என்று எழுதினேன்.

அன்றைக்கு வெட்டியிருந்தால் ஒரே ஒரு மரத்தோடு போயிருக்கும். வெட்டாவிட்டாலும் சுற்றி ஓடையாவது வெட்டியிருக்கலாம். ஆனால் ஓடை வெட்டினால் வேர் அறுபடும். கெஸ்டனின் கையில் ஊசி குத்த இடமில்லாமல் கழுத்தில் குத்துகிறார்கள் என்று அவன் சொன்ன வாரம் அது. எனக்கு வேரை அறுக்கக் கை வரவில்லை.

அதற்கப்புறம் நான் எப்படி இருந்தேன் என்று கேட்காதீர்கள். காலையில் எழுந்ததும் மரத்தைப் பார்ப்பேன், பிறகுதான் முகம் கழுவுவேன். தென்னங்கீற்று முடைந்து வெயில் படும் பக்கத்துக்குப் படல் கட்டினேன். குளித்த தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர் எல்லாம் அதற்குத்தான். வேலைக்குப் போகுமுன் அதனடியில் முழங்கால் போட்டு ஜெபமாலை சொல்வேன். ஒரு கிளையில் புதுத் துளிர் விட்டால் அன்று அவன் குரல் தெளிவாக இருக்கும். ஒரு கிளை காய்ந்தால் அன்று போன் வராது. தற்செயல் என்று எனக்கும் தெரியும், கார்ப்பரல். தெரிந்து என்ன செய்ய? அவன் இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் படுத்திருந்தான். நான் தொடக்கூடியதாக அவனிடமிருந்து எனக்கு மிச்சம் இருந்தது அந்த மரம் ஒன்றுதான்.

மழைக்காலம் வந்தது. ஆகஸ்டில் எனக்குக் கீழே இருக்கிற பெர்னடீனின் தோப்பில் உச்சிகள் மஞ்சளாகின. போய்த் தோண்டினேன், வெள்ளை. பதினேழு மரம். அவளுக்குக் கீழே இன்னும் இரண்டு தோப்பு. எல்லாவற்றுக்கும் வளையம் போட்டேன். அவையெல்லாம் உண்மையான வளையங்கள், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பெர்னடீன் வாய்க்காரி. இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன் மிஸ் வெர்லின், இந்தச் சனியன் மேலேர்ந்துதானே எறங்கி வருது? எனக்கு மேல நீங்கதான் இருக்கீங்க. உங்க மரத்துக்கு மட்டும் ஃபாதர் தனியா ஞானஸ்நானம் குடுத்தாரா?"

"என் மரம் களைச்சுப் போயிருக்கு. நோய் இல்ல," என்றேன்.

"களைச்ச மரத்துக்கு நாடா, என் மரத்துக்கு வளையம். நல்லாத்தான் பாக்குறீங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஆனால் அவள் வாயில் விழுந்தது அலுவலகம் வரை போகத்தான் செய்யும். ஜனவரி கடைசியில் எங்கள் அதிகாரி வரைபடத்தை மேசையில் விரித்துக்கொண்டு, நோய் எந்தத் தோப்பில் தொடங்கியது என்று பிப்ரவரிக்குள் சொல்லுங்கள் என்றார். சொல்லாவிட்டால் ஆட்களோடு தானே வந்து, மேட்டிலிருந்து ஒவ்வொரு தோப்பாகத் தோண்டிக்கொண்டு இறங்கப்போவதாகச் சொன்னார். அவர் விரல் என் வீட்டுக்கு அரை அங்குலம் கீழே நின்றது.

கெஸ்டனுக்கு எலும்பு மஜ்ஜை மாற்ற நாள் குறித்திருந்தார்கள், பிப்ரவரி பத்தொன்பது. யாரோ முன்பின் தெரியாத ஒரு மனிதர் கொடுப்பதாக ஒத்துக்கொண்டிருந்தார். அதற்குள் அந்த மரத்தில் யாரும் ரம்பம் வைக்கக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். வேறு எந்த ஆசையும் எனக்கு இருக்கவில்லை.

எனக்கு மேலே ஒரே ஒரு தோப்புதான் இருக்கிறது. அகஸ்டின் பியருடையது.

அகஸ்டின் யாரென்று உங்களுக்குத் தெரியும், அவர் காரணமாகத்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அறுபத்தெட்டு வயது. அவருக்கும் மனைவி உனாவுக்கும் பிள்ளை இல்லை. கெஸ்டனுக்கு ஞானத்தகப்பன். என் பையனுக்கு மீன் பிடிக்கவும் கிரிக்கெட் மட்டை செதுக்கவும் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். எர்ரோலுக்கு அதற்கெல்லாம் பொறுமை போதாது. நாற்பத்து மூன்று ஜாதிமரம் வைத்திருந்தார். புயலில் நிழல் போய், எல்லாவற்றுக்கும் தலை கருகியிருந்தது. வேரில் ஒரு குறையும் இல்லை. மூன்று மாதத்துக்கு முன்புதான் தோண்டிப் பார்த்து மஞ்சள் நாடா கட்டியிருந்தேன். ஆனால் தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்குக் களைப்பும் நோயும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா.

என் மரத்திலிருந்து பட்டை எடுத்தேன். மாதிரிப் பையில் போட்டு அகஸ்டின் பியர் என்று எழுதினேன். பரிசோதனை முடிவு ஆறு நாளில் வந்தது, பூஞ்சை உறுதி என்று. அதிகாரி என் தோளைத் தட்டி, நல்ல வேலை என்றார்.

பொய்யாக ஒன்றை எழுதியது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பொய் சொல்லி வளர்ந்தவள் இல்லை நான். அதனால், அகஸ்டினும் உனாவும் பூசைக்குப் போயிருந்த ஒரு ஞாயிறு காலை, என் மரத்தின் அழுகிய வேரில் இரண்டு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டு போய் அவருடைய இரண்டு மரங்களின் அடியில் புதைத்துவிட்டு வந்தேன். அதன் பிறகு நான் எழுதியது பொய்யில்லை என்று ஆகிவிட்டது. கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

பிப்ரவரி ஏழாம் தேதி வளையம் போடப் போனேன். அவர் தொப்பியோடு பின்னாலேயே வந்தார். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "நீ பாத்துட்டேன்னா சரிதான் பொண்ணே," என்றார். "வேற யாராவது சொல்லியிருந்தா ஒதைச்சு அனுப்பியிருப்பேன்." ஒவ்வொரு மரமாகப் போட்டுக்கொண்டு வந்தேன். ஊற்றுக்குப் பக்கத்தில், தோப்பிலேயே நல்ல மண் இருக்கிற இடத்தில், ஒரு ஆண் மரம் நின்றது. ஆண் மரம் காய்க்காது. மகரந்தத்துக்காகப் பத்துக்கு ஒன்று வைத்துக்கொள்வார்கள், அவரிடம் அது போக ஏற்கெனவே நான்கு இருந்தன. அதற்கும் சாயத்தை எடுத்தேன்.

"இந்த ஒண்ணை விட்டுரு வெர்லின்," என்றார்.

"காய்க்காத மரத்து மேல என்ன இவ்வளவு பாசம்?"

"காய்க்கிறதுக்கு ஊரே பாசம் காட்டும். காய்க்காததுக்கு யாராவது ஒருத்தன் வேணாமா?" சிரிக்கத்தான் பார்த்தார், வாய் கோணிக்கொண்டது. பிறகு மரத்தில் கை வைத்துக்கொண்டு, "நெசமாவே இதுல இருக்கா? நல்லாப் பாத்தியா?" என்றார்.

"பார்த்தேன்."

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். உச்சியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கெஸ்டன் எப்படி இருக்கான்?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு மரத்துக்காக என் மகனைச் சொல்லி மனசை இளக்கப் பார்க்கிறாரே என்று நினைத்தேன். வளையத்தைப் போட்டேன். வழக்கத்தைவிட அகலமாகப் போட்டேன் என்றுகூட ஞாபகம்.

என் தோப்பின் கீழ் வரிசையில் மூன்று மரத்துக்கு நானே வளையம் போட்டுக்கொண்டேன், பார்க்கிறவர்களுக்கு நியாயமாகத் தெரிய வேண்டுமே. சமையலறை மரத்துக்கு மஞ்சள் நாடா வெளுத்துப்போயிருந்தது. அவிழ்த்துவிட்டுப் புதியது கட்டினேன்.

அகஸ்டின் கூலிக்கு ஆள் வைக்கவில்லை. தானே இயந்திர ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சாய்த்து எரித்தார், அடிக்கட்டைகளை வேரோடு பிடுங்குவது மட்டும் பாக்கி இருந்தது. ஒரு மாதம் பள்ளத்தாக்கு முழுக்கப் புகை. ஜாதிக்கட்டை எரிகிற வாசனை நன்றாகவே இருக்கும், விசேஷ வீட்டு அடுப்பு மாதிரி. அந்த ஆண் மரத்தைக் கடைசி நாள் வரைக்கும் தள்ளிப்போட்டார். கெடு முடிகிறது என்று நான்தான் வேலியோரமாக நின்று ஞாபகப்படுத்தினேன். மார்ச் ஒன்பதாம் தேதி அதையும் வெட்டினார்.

மார்ச் பதினான்காம் தேதி கெஸ்டன் கூப்பிட்டான். புது மஜ்ஜை பிடித்துக்கொண்டதாம். ரத்தம் தானாக ஊற ஆரம்பித்துவிட்டதாம். "கெணத்துல தண்ணி வந்துருச்சு மம்மி," என்றான். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். பதினான்கு மாதத்தில் அன்றைக்குத்தான் அழுதேன். அப்புறம் யாரிடமும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன். நல்ல செய்தியை வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும். முழுசாகத் தேறி வீட்டுக்குப் போகட்டும், அப்புறம் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

அடுத்த வாரம் நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அகஸ்டின் வேலிக்கு வந்தார். முகச் சவரம் செய்திருக்கவில்லை. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"பையன் எப்படி இருக்கான், வெர்லின்?"

"அப்படியேதான் இருக்கான்," என்றேன்.

"மோசமாகலையே?"

"நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல. கடவுள் விட்ட வழி."

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க அப்போதெல்லாம் எனக்குப் பிடிக்காது. தோப்பு இருந்த இடத்தில் கட்டைகளும் சாம்பலுமாகக் கிடக்கும், அதற்கு நடுவில் அவர் நிற்பார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

ஏப்ரல் இரண்டாம் தேதி, உனா சந்தைக்குப் போயிருந்தபோது, அவர் களைக்கு அடிக்கிற மருந்தைக் குடித்துவிட்டார். ஆறு நாள் ஆஸ்பத்திரியில் நினைவோடு இருந்து செத்தார். தோப்பு போன ஏக்கம் என்று ஊர் சொன்னது. நானும் அப்படித்தான் சொன்னேன். அடக்கத்துக்குச் சீமைப்பலாவும் தேங்காய்ப்பாலும் போட்டுப் பெரிய சட்டி நிறைய ஆயில் டவுன் சமைத்துக்கொண்டு போனேன். உனா அதைத் தொடவில்லை.

திங்கட்கிழமை டிரினிடாடிலிருந்து பூஞ்சை ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண் வந்து அகஸ்டினின் கட்டைகளைத் தோண்டிப் பார்த்த கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். நாற்பத்தோரு கட்டையில் வேர் சுத்தமாக இருந்தது. இரண்டில் மட்டும், அந்த மரத்தோடு ஒட்டாத வேர்த் துண்டு ஒன்று தனியாகக் கிடந்ததை எடுத்துக் காட்டினாள். கெட்டிக்காரிதான். உனா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

நேற்று மதியம் உனா என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கெஸ்டன் எனக்குப் போன் பண்ணினான்," என்றாள். "ஞானத்தகப்பன் செத்ததுக்கு அழுதான். ஒடம்பு எப்படிடான்னு கேட்டேன். மார்ச் நடுவுலயே தேறிட்டேன், மம்மி சொல்லலையான்னு கேக்குறான். ஏன் வெர்லின், அவர் வேலியில வந்து நின்னு கேட்டாரே. நீ ஏன் சொல்லல?"

"கண் படும்னு..."

"கண்ணா?" என்றாள். அவள் குரலை உயர்த்தவே இல்லை. "அவர் சாகுறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒண்ணு சொன்னாரு. பையன் பொழைச்சு எழுந்தாத்தான் உங்கிட்ட சொல்லணும்னு சத்தியம் வாங்கிட்டாரு. இப்ப சொல்றேன், கேட்டுக்கோ. உன் புள்ளையோட தொப்புள்கொடி உன் கொல்லையில இல்ல. அப்ப அந்த மனை உங்களுக்குச் சொந்தம் இல்ல, வாடகை மண்ணு. ஊரான் மண்ணுல எம்புள்ளையோட கொடி கெடக்கக் கூடாதுன்னு எர்ரோல் அதை எடுத்துட்டு வந்து எங்க வீட்டுக்காரர் கையில குடுத்தான். சொந்த நெலம் இல்லைன்னு உங்கிட்ட சொல்ல அவனுக்கு வெக்கம். அதான் அடுப்படிக் கன்னைக் காட்டிட்டான். எங்க வீட்டுக்காரர் ஊத்துக்குப் பக்கத்துல பொதைச்சு மேல ஒரு கன்னு வெச்சாரு. ஏழு வருஷம் கழிச்சுப் பாத்தா ஆண் மரம். வெட்டிட்டு வேற வையுங்கன்னு நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். எம்புள்ளை மரம்டி அதுன்னுவாரு."

நான் திரும்பிக் கொல்லைக் கதவைப் பார்த்தேன்.

"நீ அதுல வளையம் போட்ட. நோய் இருக்குன்னு நீ சொன்னதை அவரு நம்புனாரு. அப்படின்னா பையன் சாகப்போறான்னுதானே அர்த்தம்? உங்கிட்ட எப்படிச் சொல்லுவாரு? பெத்தவகிட்ட அதைச் சொல்லுற வாயா அவருக்கு? தானே மனசுல வெச்சுக்கிட்டாரு. வெட்டலைன்னா நோய் பரவும்னு நீ வேலியில நின்னு சொன்ன. வெட்டினாரு. எங்கையாலயே எம்புள்ளையை வெட்டிட்டேன் உனான்னு ஆஸ்பத்திரியில கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு. அவருக்கு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதும். பையன் நல்லா இருக்கான்னு ஒரே ஒரு வார்த்தை."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டவில்லை, அடிக்கவில்லை. அங்கிருந்து நேராக உங்களிடம் வந்திருக்கிறாள் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். அவள் செய்தது சரிதான். அகஸ்டின் சாவுக்குக் காரணம் நான்தான். பெர்னடீனின் தோப்புக்கும் அதற்குக் கீழே இருந்த இரண்டு தோப்புக்கும் காரணம் நான்தான். பையில் பெயரை மாற்றி எழுதியதும், வேரைப் புதைத்ததும், வேலியில் நின்று பொய் சொன்னதும் நான்தான். யாரும் என்னை மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை என்றும் எழுதிக்கொள்ளுங்கள்.

உனா போன பிறகு நாற்காலியைவிட்டு எழுந்திருக்காமல் யோசித்தேன். இருபத்தாறு வருஷம் இதே வேலையாக இருந்தவள், யோசிக்காமல் இருக்க முடியுமா? நாட்களை அடுக்கிப் பார்த்தேன். பதினான்கு மாதம் சமையலறை மரத்தைத் தண்ணீர் விட்டுக் காப்பாற்றினேன். பதினான்கு மாதமும் கெஸ்டன் தேறவில்லை. மார்ச் ஒன்பதாம் தேதி ஊற்றடி ஆண் மரம் விழுந்தது. ஐந்தே நாளில் அவன் ரத்தம் ஊறத் தொடங்கியது. மஜ்ஜைதான் காரணம் என்று டாக்டர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அழுகின உறுப்பை வெட்டி எடுத்தால் ஆள் பிழைக்கிறான் என்பது அவர்களுக்கும் தெரிந்ததுதான்.

அந்த ஆண் மரத்துக்கு வளையம் போட்ட அன்று நான் அதன் அடியைத் தோண்டவில்லை, பட்டையைச் சீவவில்லை. அகஸ்டின் அத்தனை கெஞ்சியும் கை நிற்கவில்லை, தானாகப் போய்ப் போட்டது. ஏன் அப்படி என்று நேற்றுவரை எனக்குத் தெரியவில்லை. பழகின கை, கார்ப்பரல். எனக்குத் தெரிவதற்கு முன்பே அதற்குத் தெரிந்திருக்கிறது. டிரினிடாட்காரி சுத்தமான வேர் என்கிறாள். அவள் அங்கே நின்றது மொத்தம் அரை நாள். அகஸ்டின் உயிரோடு இருந்தால் என் பக்கம்தான் பேசியிருப்பார், அவர் என்னை நம்பின மனிதர்.

என் வீட்டுச் சமையலறை மரத்தை இன்றைக்கே வெட்டிவிடச் சொல்லுங்கள். இன்னும் நோயைப் பரப்பிக்கொண்டுதான் நிற்கிறது. நான் தடுக்கப்போவதில்லை, அது வெறும் மரம்தான்.

நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டியது சரியாகவே இருக்கிறது, ஒரு இடத்தைத் தவிர. 'அகஸ்டின் பியரின் நாற்பத்து மூன்று மரங்களுக்கும் பொய்யாக வளையம் போட்டேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நாற்பத்திரண்டு என்று திருத்துங்கள். அந்த ஆண் மரத்தின் நோயை நான் சரியாகத்தான் கண்டுபிடித்தேன், அதை வெட்டவைத்துத்தான் என் மகனைக் காப்பாற்றினேன். திருத்திக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.